ஏழாம் வீட்டம்மா

காலையில் வேனில் ஏறும்போதே அவளுடைய முழங்கால் முனகத் தொடங்கிவிடும். வேன் ஊரைத் தாண்டி, முள்கம்பி வேலியைத் தாண்டி, ராணுவத்தின் பயிற்சி மைதானத்துக்குள் போகும். அங்கே யாரும் குடியிருக்காத ஒரு கிராமம் இருந்தது. முப்பது நாற்பது வீடுகள், ஒரு கடைத்தெரு, பிள்ளைகள் வராத பள்ளிக்கூடம், தண்ணீர் வராத குழாயடி. எல்லாம் படைவீரர்கள் பழகுவதற்காகக் கட்டியது. வீட்டுக்குள் புகுந்து தேடிப் பழக வேண்டுமென்றால் வீட்டில் ஆள் இருக்க வேண்டும் அல்லவா? அப்படிக் கூலிக்கு வைத்த ஆட்களில் இவளும் ஒருத்தி. பல வருடங்களாக ஏழாம் எண் வீட்டில் குடியிருக்கும் பெண்ணாக நின்றுகொண்டிருந்ததால் எல்லோருக்கும் அவள் ஏழாம் வீட்டம்மா. சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள் என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்வார்கள்.

வேனிலிருந்து இறங்கியதும் கருவிக் கிடங்கின் முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். ஆளுக்கு ஒரு பட்டை தருவார்கள். தோளில், மார்பில், முதுகில் பொத்தான் பொத்தானாக சென்சார் தைத்த பட்டை. நேற்று அதைப் போட்டிருந்தவரின் வியர்வை அதில் இன்னும் காய்ந்திருக்காது. மேலே தன் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஏழாம் வீட்டுக்கு நடப்பாள்.

பயிற்சியில் நிஜக் குண்டு கிடையாது. வீரர்களின் துப்பாக்கி முனையில் சோப்புக் கட்டி அளவுக்கு ஒரு பெட்டி மாட்டியிருக்கும். விசையை அழுத்தினால் வெற்றுத் தோட்டா சத்தம் மட்டும் போடும். பெட்டியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளி பாயும். அது எதிராளியின் பட்டையில் பட்டால் தோளில் இருக்கும் கருவி கத்தும். விட்டு விட்டுக் கத்தினால் குண்டு பக்கத்தில் போயிருக்கிறது என்று அர்த்தம். நிற்காமல் கத்தினால் ஆள் காலி. காலியானவர் இருந்த இடத்திலேயே விழுந்துவிட வேண்டும். பேசக்கூடாது, அசையக்கூடாது. கையில் சாவிக்கருவியோடு சுற்றிக்கொண்டிருக்கும் நடுவர் வந்து சத்தத்தை நிறுத்தினால்தான் திரும்ப உயிர். யார் யாரை எங்கிருந்து சுட்டார்கள் என்பது அந்தக் கணமே கட்டுப்பாட்டு அறைக்குப் போய்ப் பதிவாகிவிடும்.

தையல் ஆலையை மூடியபோது அவளுக்குக் கிடைத்த வேலை இது. ஆரம்பத்தில், பூட்ஸ் காலால் கதவை உதைத்துக்கொண்டு முதல் ஆள் உள்ளே வந்தபோது நிஜமாகவே கத்திவிட்டாள். அன்று வேனில் வீடு திரும்பும்வரை அழுதாள். இப்போது அதெல்லாம் இல்லை. கதவு உடையும், கத்துவார்கள், கையைத் தூக்குவாள், சில நாள் பிழைப்பாள், சில நாள் சாவாள். சாவதில் கஷ்டம் விழுவது அல்ல, சிமெண்ட் தரையிலிருந்து எழுந்திருப்பதுதான். பக்கத்து எட்டாம் வீட்டில் அலறி அழுவதற்கென்றே ஒருத்தியை வைத்திருந்தார்கள். அவளுக்கு எல்லோரும் வைத்த பேர் சைரன். அவள் தொண்டைக்கு ஒரு மைல் தூரத்தில் நாய்கள் பதில் சொல்லும். மதியச் சாப்பாட்டை இருவரும் சேர்ந்து சாப்பிடுவார்கள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது, லிப்ட் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருக்கும் கணவர் செய்தித்தாளுக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்பார்.

"இன்னைக்கு எத்தனை தடவை?"

"ரெண்டு."

"பரவாயில்லையே. நேத்தைக்கு இது தேவலை. டீ போடவா?"

அவர்களுக்கு ஒரே மகள். அவளைக் கட்டிக்கொடுத்ததும் ஒரு ராணுவக்காரருக்குத்தான். மாப்பிள்ளை பத்துப் பேர் கொண்ட குழு ஒன்றுக்குத் தலைவர்; அதிர்ந்து பேசாதவர். அவருக்கும் மாமியாருக்கும் இடையே நடக்கும் பேச்சு மூன்று வாக்கியத்தைத் தாண்டியதில்லை. "வாங்க மாப்பிள்ளை." "நல்லா இருக்கீங்களா அத்தை?" "சாப்பிட உட்காருங்க." அவ்வளவுதான். இவள் சமையலறைக்குள் போய்விடுவாள், அவர் மாமனாரோடு கிரிக்கெட் பார்ப்பார். மாமியாரின் வேலையைப் பற்றி மகள் அவரிடம் சொல்லியிருந்ததும் பாதிதான்: பயிற்சி மைதானத்தில் ஏதோ பராமரிப்பு வேலை.

"எங்க அம்மா தினமும் செத்து விழறாங்கன்னு அவர்கிட்ட எப்படிம்மா சொல்றது? கேக்க நல்லாவா இருக்கு?" என்பாள் மகள்.

"நீ எதையாவது சொல்லிக்கோ. எனக்கு ஒண்ணும் இல்லை," என்றுவிட்டாள் இவள்.

அந்தக் கோடையில் மாப்பிள்ளையின் படைப்பிரிவை எல்லைக்கு அனுப்ப உத்தரவு வந்தது. அதற்கு முன் ஒரு மாதம் பயிற்சி. அதுவும் எங்கோ தொலைவில், வேறு மைதானத்தில். மகள் கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்தவள் பாதி நேரம் ஜன்னலோரம் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லையில் இருந்து வரும் செய்திகள் நன்றாக இல்லை. தொலைக்காட்சியில் அந்தப் பேச்சு வந்தாலே கணவர் ரிமோட்டைத் தேடுவார்.

அந்தத் தொலைதூர மைதானத்தில் மழைவெள்ளம் புகுந்துவிட்டது, படைப்பிரிவை இங்கே மாற்றிவிட்டார்கள் என்பது இவளுக்குத் தெரியாது. வருவது யார் என்று கிராமத்து ஆட்களுக்குச் சொல்லும் வழக்கமே இல்லை. பயிற்சிக்கு வந்தவர்களுக்கும் வீட்டோடு பேச அனுமதி கிடையாது.

அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. தாக்குதல் காலையிலேயே தொடங்கியிருக்க வேண்டும். புகை போடும் இயந்திரம் மக்கர் செய்ததில் தள்ளிக்கொண்டே போனது. ஏழாம் வீட்டம்மாவுக்கான உத்தரவு ரொம்ப எளிமை. அறையின் நடுவில் நிற்க வேண்டும். இரண்டு கையும் வெறுங்கையாகத் தெரிய வேண்டும். வீரர்கள் வந்தால் "இங்கே யாரும் இல்லை" என்று சொல்ல வேண்டும். அவள் நின்றாள். ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றாள். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மதியம் தாண்டியபோது முழங்கால் இனி முடியாது என்று கையை விரித்துவிட்டது. மேசைக்குப் பின்னால், சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் உடம்பெல்லாம் கனத்தது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்குக் குடித்தாள். கண் லேசாகச் செருகியது.

கதவு தெறித்துத் திறந்தது. புகையும் சத்தமும் ஒன்றாக உள்ளே வந்தன. "கையைத் தூக்கு! கையைத் தூக்கு!" அவள் பதறி, ஒரு கையால் மேசை விளிம்பைப் பிடித்து, பாட்டில் இருந்த கையை ஊன்றி எழ முயன்றாள். தலை மேசைக்கு மேலே வந்ததுதான் தாமதம், துப்பாக்கி படபடத்தது. தோளில் இருந்த கருவி நிற்காமல் கத்தத் தொடங்கியது.

வழக்கப்படி விழுந்தாள். மல்லாக்க விழுந்தது தப்பு. முதுகு சுவரில் இடித்தது. கண்ணை மூடிக்கொண்டாள். பூட்ஸ் சத்தம் மேசையைச் சுற்றி வந்து நின்றது. வழக்கமாக எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த அறைக்கு ஓடுவார்கள். இந்தப் பூட்ஸ் ஓடவில்லை.

"அத்தை?"

கண்ணைத் திறந்தாள். தலைக்கவசம், தூசு படிந்த கண்ணாடி, முகத்தில் கறுப்புச் சாயம். அந்தக் குரல் மட்டும் தெரிந்த குரல்.

"அத்தை, நீங்களா? எந்திரிங்க. அடி பட்டுடுச்சா? எந்திரிங்க அத்தை!"

வாசலில் நடுவர் கத்திக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை கவனிக்கவே இல்லை. துப்பாக்கியை முதுகுக்குத் தள்ளிவிட்டு அவளைத் தூக்கக் குனிந்தார். அவள் உதட்டை அசைக்காமல் முணுமுணுத்தாள்.

"செத்தவ பேசக்கூடாது. நீங்க போங்க மாப்பிள்ளை."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. நடுவர் வந்து தோளைப் பிடித்துத் தள்ளிய பிறகுதான் நகர்ந்தார். அடுத்த அறையில் ஒளிந்திருந்த எதிரி வேடக்காரன் அவரையும் அவர் குழுவில் மூன்று பேரையும் சுட்டுத் தள்ளியது அங்கிருந்தே கேட்டது. நாலு கருவிகள் ஒரே சுதியில் கத்தின.

சாயங்காலம் வேனில் ஏறப் போகும்போது கிராமத்து ஆட்களை மேய்க்கும் மேற்பார்வையாளர் அவளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அக்கா, அந்த ஆள் உங்க மாப்பிள்ளையாமே? விஷயம் மேல வரைக்கும் போயிடுச்சு. நாளைக்குக் காலையில, பயிற்சியைத் திரையில ஓட்டி அலசுவாங்களே, அந்த மீள்பார்வைல உங்களையும் பேசச் சொல்றாங்க. நீங்க சொன்ன இடத்துலதானே நின்னீங்க?"

அவள் குனிந்து முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

"அந்த அறையில கேமரா கிடையாது. திரையில வெறும் புள்ளிதான் தெரியும். நின்னீங்களா உட்கார்ந்தீங்களான்னு அதுக்குத் தெரியாது. நின்னேன்னு சொன்னா சுட்டது அவர் தப்பு. உட்கார்ந்தேன்னு சொன்னா உத்தரவை மீறினது நீங்க. அதுக்கப்புறம் உங்களை வச்சிக்கிறது என் கையில இல்லை. யோசிச்சிக்கோங்க."

வீட்டில் கணவர் வழக்கம்போலக் கேட்டார். "எத்தனை தடவை?"

"ஒண்ணு. மாப்பிள்ளை கையால."

செய்தித்தாள் கீழே இறங்கியது. அவள் சொல்லி முடித்தபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "அடப்பாவி மனுஷா! உலகத்துல எல்லா மாப்பிள்ளைக்கும் மனசுக்குள்ள இந்த ஆசை இருக்கும். இவர் செஞ்சே காட்டிட்டாரு!" மகள் முறைத்ததும் வாயை மூடிக்கொண்டு டீ போடப் போனார்.

மகள் சிரிக்கவில்லை. குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு அம்மாவின் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஆயுதம் இல்லாத பொம்பளையைச் சுட்டா என்னம்மா பண்ணுவாங்க?"

"குழுத் தலைவர் வேலையிலேர்ந்து எடுப்பாங்க. இந்தத் தடவை அனுப்ப மாட்டாங்க. அடுத்துப் பயிற்சிக்கு வர்ற தொகுதியோட திரும்பப் பழகச் சொல்லுவாங்க."

"அனுப்ப மாட்டாங்களா?"

அந்தக் கேள்வி வந்த விதத்திலேயே இவளுக்குப் புரிந்துவிட்டது. "அதைக் கேக்காதே," என்றாள்.

"அம்மா, நின்னுட்டிருந்தேன்னு மட்டும் சொல்லு. கையைத் தூக்கிட்டு நின்னேன்னு சொல்லு. வேற ஒண்ணுமே வேண்டாம். உன் வேலையும் போகாது, அவரும் போக மாட்டாரு. இந்தக் குழந்தை முகத்தைப் பார்த்துச் சொல்லு."

"அவர் மானம் போகுமேடி. இத்தனை பேர் முன்னால."

"போகட்டும். மானம் போனவங்க வீட்டுக்கு வருவாங்கம்மா."

இவள் முழங்காலில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். மகளை எட்டுமாதக் குழந்தையாகத் தூக்கிக்கொண்டு தையல் ஆலைக்குப் போன நாளிலிருந்து இன்றுவரை, உட்கார்ந்த நேரத்தைவிட நின்ற நேரம்தான் அதிகம். இன்றைக்கு ஒரு நாள் உட்கார்ந்தாள். அதற்கு இத்தனை விசாரணை. யார் மேலும் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டுமே. "தூங்கப் போறேன்," என்று எழுந்து போனாள்.

மறுநாள் மீள்பார்வைக் கூடம் நிறைந்திருந்தது. முன் வரிசையில் அதிகாரிகள், பின்னால் வீரர்கள், ஓரத்தில் கிராமத்து ஆட்கள். திரையில் கிராமத்தின் வரைபடம். வீரர்கள் நீலப் புள்ளிகள், எதிரிகள் சிவப்பு, கிராமத்தார் மஞ்சள். நேற்றைய நாள் முழுவதும் திரையில் எறும்புக் கூட்டம்போல ஊர்ந்தது. ஏழாம் வீட்டுக்குள் ஒரு நீலப் புள்ளி நுழைந்தது. அதிலிருந்து ஒரு கோடு பாய்ந்து மஞ்சள் புள்ளியைத் தொட்டது. மஞ்சள் சாம்பல் நிறமானது. பின்வரிசையில் யாரோ, "மாமியார்டா," என்று கிசுகிசுத்தான். சிரிப்பு ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்குப் பரவியது. மாப்பிள்ளை கழுத்து விறைக்க உட்கார்ந்திருந்தார்.

பயிற்சி அதிகாரி நரைத்த மீசைக்காரர். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். "அந்த வீட்டுக்கார அம்மா சொல்லட்டும். நீங்க எங்கே, எப்படி இருந்தீங்க?"

அவள் எழுந்தாள். சைரன் அவள் முழங்கையைப் பிடித்துத் தாங்கினாள். மேற்பார்வையாளர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளின் முகம் கண்ணுக்குள் நின்றது. ஒரு பொய்யைச் சொல்லி அதைக் கடைசிவரை சுமப்பதற்கான பலம் தன்னிடம் இருக்கிறதா என்று பார்த்தாள், இல்லை. உண்மையைச் சொல்வது கொஞ்சம் இலேசாக இருந்தது, அவ்வளவுதான்.

"உட்கார்ந்துட்டேங்க. நிக்கணும்னுதான் உத்தரவு. கால் வலிச்சுது, மேசைக்குப் பின்னால உட்கார்ந்துட்டேன். சத்தம் கேட்டு எந்திரிச்சேன். கையில பாட்டில் இருந்துச்சு. தப்பு என் மேலதான்."

அதிகாரி தலையசைத்தார். மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். "அப்படின்னா உத்தரவுப்படி நடக்காதது அவங்க. இதை உங்க கணக்குல வைக்க முடியாது. உட்காருங்க."

மாப்பிள்ளை ஏற்கெனவே எழுந்துவிட்டிருந்தார். உட்காரவில்லை.

"ஐயா, ஒரு நிமிஷம். அவங்க கால் வலிச்சு உட்கார்ந்தாங்க. நாங்க போற இடத்துல, நடுவுல வந்து நில்லுன்னு யாருக்கும் யாரும் உத்தரவு போட மாட்டாங்க. கால் வலிக்கிறவங்க உட்கார்ந்துதான் இருப்பாங்க. நான் கையைப் பார்க்கலை. முகத்தைப் பார்க்கலை. ஏதோ அசைஞ்சுது, சுட்டுட்டேன். முகத்தைப் பார்த்திருந்தா அது எங்க அத்தைன்னு தெரிஞ்சிருக்கும்."

கூடத்தில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி கையிலிருந்த தாளில் ஏதோ எழுதினார். பிறகு திரையை அணைக்கச் சொன்னார்.

குழுத் தலைமையிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள். படைப்பிரிவு அவர் இல்லாமலே எல்லைக்குப் புறப்பட்டது. அடுத்த தொகுதி வரும்வரை அவருக்கு விடுப்பு. ஏழாம் வீட்டம்மாவையும் வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்தி வைத்தார்கள். ஆக, மாமியாரும் மாப்பிள்ளையும் பகல் முழுவதும் ஒரே வீட்டில்.

மகள் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் கிடைத்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளை வீட்டில்தான் இருந்தார். குழந்தையைத் தூக்கினார், குளிப்பாட்டினார், வாசல் விளக்கைப் பழுதுபார்த்தார். வாய் மட்டும் திறக்கவில்லை. சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். மாமியார் குறுக்கே போனால் தலையைக் குனிந்துகொள்வார். வழக்கமான மூன்று வாக்கியமும் நின்றுபோனது.

ஏழாம் வீட்டம்மா நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்தாள். ஒரு மதியம், மற்றவர்கள் படுத்திருந்தபோது, அவர் தட்டின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருக்கக் கண்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவர் எதிரில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"சாப்பிடுங்க மாப்பிள்ளை. பாத்திரம் கழுவணும்."

"முடியலை அத்தை. கண்ணை மூடினா நீங்க விழறதுதான் தெரியுது."

"எனக்கு ஒண்ணும் ஆகலையே. எதிரிலதானே உட்கார்ந்திருக்கேன்."

"உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

இத்தனை வருடத்தில் இதை யாரும் கேட்டதில்லை. கணவர் எத்தனை தடவை என்று கேட்பார். மேற்பார்வையாளர் எங்கே நின்றாய் என்று கேட்பார்.

"அலுப்பா இருந்துச்சு," என்றாள். "பொய் சொல்லக்கூடாது. பயமெல்லாம் இல்லை. அப்பாடா, கொஞ்சம் படுக்கலாம்னு இருந்துச்சு. அப்புறம் நீங்க அத்தைன்னு கூப்பிட்டீங்க. யாரும் இதுவரைக்கும் நின்னு பார்த்ததில்லை மாப்பிள்ளை. சுட்டுட்டு ஓடிடுவாங்க."

"என் குழுவுல மூணு பேரைச் சாகடிச்சிட்டேன், நின்னதால."

"அதுவும் சரிதான்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணும் கலங்கியது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு இரண்டு வாய் சாப்பிட்டார். ஆறிப்போன சாப்பாடு. அவள் உட்கார்ந்தபடியே அவர் முடிக்கும்வரை காத்திருந்தாள். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டார்கள். பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. எந்த வீட்டில் கதவு உள்பக்கம் திறக்கும், பயந்தவர்கள் கையை எங்கே வைத்துக்கொள்வார்கள், எழுந்திருக்கும்போது கிழவிகள் எதைப் பிடிப்பார்கள், இப்படி. அவர் கேட்பார், அவள் தைலம் தேய்த்தபடி சொல்வாள். கணவர் அந்தப் பக்கம் வந்து பார்த்துவிட்டு, "கிரிக்கெட்டுக்கு ஆள் போச்சு," என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டு போவார்.

அடுத்த தொகுதி வரும் சமயத்தில் மேற்பார்வையாளர் போன் செய்தார். குரலில் எரிச்சல் இருந்தது.

"வாங்கக்கா. உங்களை எடுத்துக்கச் சொல்லிட்டாங்க. அந்த மீசைக்கார அதிகாரி மொத்த உத்தரவையும் மாத்திட்டாரு. இனிமே யாரும் நடுவுல வந்து நிக்க வேண்டாமாம். வீட்டுல மனுஷங்க எப்படி இருப்பாங்களோ அப்படி இருக்கணுமாம். படுத்திருக்கலாம், உட்கார்ந்திருக்கலாம். எனக்குத்தான் இப்ப தலைவலி. யார் எங்க இருக்கீங்கன்னே தெரிய மாட்டேங்குது."

ஏழாம் வீட்டுக்கு ஒரு கட்டில் வந்தது. இவளுக்கு நோயாளி வேடம். திரும்பப் பழக வந்த மாப்பிள்ளை தன் புதுக் குழுவோடு அந்தத் தெருவுக்கு வரும் நாளில் மட்டும் அவள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அன்று வீட்டில் இருந்தாள். ஓய்வாகப் படுக்கலாம் என்று நினைத்தாள், படுக்க முடியவில்லை. அலமாரியை ஒழித்தாள், திரும்ப அடுக்கினாள். மகளும் உதவி செய்தாள். மதியம் தாண்டி சைரன் போன் செய்தாள்.

"உன் கட்டில்ல இன்னைக்கு நான்தான் படுத்திருந்தேன். வந்தாரு. போர்வைக்குள்ள கை இருந்துச்சு எனக்கு, வேணும்னேதான் வச்சிருந்தேன். துப்பாக்கியைத் தூக்கினவர் அப்படியே நின்னாரு. 'கையை வெளியே எடுங்கம்மா, மெதுவா'ன்னாரு. எடுத்தேன். போயிட்டாரு. எனக்குத்தான் அழறதுக்குச் சான்ஸே கொடுக்கலை, பாவி."

அவள் அதை மகளிடம் சொன்னாள். மகள் கையிலிருந்த புடவையை மடித்துக்கொண்டே இருந்தாள். "அப்ப அனுப்பிடுவாங்க," என்றாள். அம்மாவைப் பார்க்கவில்லை. அந்த வாரம் முழுவதும் அம்மாவோடு பேசவும் இல்லை.

அனுப்பிவிட்டார்கள். புறப்படும் நாளில் எல்லோரும் பேருந்து நிலையத்துக்குப் போனார்கள். மகள் குழந்தையோடு கடைசிவரை அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஏறும் முன் அவர் மாமியாரிடம் வந்தார்.

"அத்தை, இந்த வேலையை விட்டுடுங்க. போதும்."

"நீங்க விடுங்க மாப்பிள்ளை, நானும் விடுறேன்."

அவர் தலையைச் சொறிந்தார். பேருந்து ஹாரன் அடித்தது.

இருவரும் விடவில்லை. அவர் ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்தார். உடம்பு பாதியாக இளைத்திருந்தது. அங்கே என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. இவள் கேட்கவும் இல்லை. ஒன்று மட்டும் நடந்தது: வந்த அன்று சமையலறை வாசலில் வந்து நின்று, "அத்தை, உட்காருங்க, இன்னைக்கு நான் செய்யறேன்," என்றார். அவளும் மறுக்காமல் உட்கார்ந்தாள். ராணுவத்தில் கற்ற சமையல்; உப்பு தூக்கலாக இருந்தது. மகள் உட்பட எல்லோரும் சாப்பிட்டார்கள். மறுநாள் காலை வேன் வந்து ஹாரன் அடித்தபோது அவள் வழக்கம்போல முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.